அம்மா என் மாத்திரைகளை எண்ணுகிறார்: தைப்பூச வேண்டுதலும் லித்தியமும்

பாயான்காரன் | பினாங்கு

எனக்கு இருமுனை மனநோய் (பைபோலார்) இருக்கிறது: மனம் சில காலம் அளவுமீறி ஏறும், சில காலம் அடியோடு இறங்கும். அதற்குச் சில ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பர் வேலை. இரவு ஷிப்ட் தூக்கத்தைக் குலைத்துவிடும் என்று மருத்துவர் கடிதம் கொடுத்ததால் பகல் ஷிப்டிலேயே இருக்கிறேன். நோய் இப்போது அடங்கித்தான் இருக்கிறது. அடங்காமல் இருப்பது வீடு.

அம்மா தினமும் என் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுகிறார். நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து எண்ணுவார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் அக்காவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் புதுச் சட்டை இரண்டு வாங்கி வந்தேன். "எதற்கு இரண்டு?" என்று ஒரு கேள்வி. நோய் ஏறியிருந்த காலத்தில் கடன் அட்டையைக் காலி செய்தவன் என்பதால் வந்த கேள்வி அது. புரிகிறது. ஆனாலும் சம்பாதிக்கிற ஒருவனுக்கு இரண்டு சட்டை வாங்கும் உரிமை இல்லையா?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் மச்சான் எல்லார் முன்னாலும், "இவனிடம் பார்த்துப் பேசுங்கள், தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறோம்" என்றார். மனநல மருத்துவமனைக்குப் பெயர்போன ஊர் அது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்காமல் இருந்தால், மாத்திரை சாப்பிட்டாயா என்று பேச்சு திரும்பிவிடும்.

இப்போது புதிதாக ஒன்று. நான் மருத்துவமனையில் கிடந்தபோது அம்மா தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டாராம்: பிள்ளை எழுந்து வந்துவிட்டால் விரதமிருந்து பால்குடம் எடுப்பான் என்று. வருகிற தைப்பூசத்தில் அதை நிறைவேற்ற வேண்டும். எனக்கும் முருகன்மேல் பக்தி உண்டு, எடுக்க ஆசைதான். ஆனால் விரதம், வெயில், மலையேற 513 படி, தூக்கமில்லாத இரவு. இதற்கெல்லாம் மேலே, பால்குடம் எடுத்துவிட்டால் மாத்திரையே தேவைப்படாது என்று பெரியம்மா சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

இரண்டு கேள்விகள். லித்தியம் சாப்பிடுபவர் விரதம் இருக்கலாமா? அடுத்தது, உங்களைச் சுற்றி இருந்தவர்கள் செய்தவற்றில் எது உண்மையிலேயே உதவியது? அறிவுரை வேண்டாம். அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

---

வெள்ளைத்தொப்பி | செராஸ், கோலாலம்பூர்

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். நான் மனநலப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை, ஆகவே இதைப் படித்துவிட்டு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், இதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

லித்தியம் ஓர் உப்பு. சிறுநீரகம் அதையும் நாம் சாப்பிடும் சாதாரண உப்பில் உள்ள சோடியத்தையும் கிட்டத்தட்ட ஒரே விதமாகத்தான் நடத்துகிறது. உடலில் நீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். மாத்திரையின் அளவு மாறாமலே ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தொடர் சிகிச்சையில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கலாம். மருந்தாக இருப்பதற்கும் விஷமாக மாறுவதற்கும் இடையே தூரம் அவ்வளவு குறைவு.

ஆகவே உப்பில்லா விரதம் வேண்டாம். தண்ணீர் குடிக்காத விரதம் அறவே வேண்டாம். மரக்கறி உணவு, ஒழுக்கம், காலணி இல்லாமல் நடப்பது இவற்றால் லித்தியத்துக்கு ஒன்றும் ஆகாது. கை நடுக்கம் திடீரென அதிகமாவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது: இவற்றில் எது வந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், சாமி வந்திருக்கிறது என்று கூட்டத்தில் யாரும் விபூதி பூசிக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, மலையேறிவிட்டு வந்து கால் வலிக்கு இபுப்ரோபென், டைக்லோபினாக் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அவையும் லித்தியத்தின் அளவை ஏற்றும்.

பெரியம்மா சொல்வதைக் கேட்டு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் பெரிது. இந்த நோய்க்கு லித்தியம் உதவுவதை 1949-இல் எழுதிய ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், அதற்கு முன் ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூர்ச் சாங்கியில் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் போர்க்கைதியாகக் கிடந்தவர். நம் பக்கத்து மண்ணில் கஷ்டப்பட்டவர் கண்டுபிடித்த மருந்து என்று வேண்டுமானால் பெரியம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். சிலருக்கு அப்படிச் சொன்னால்தான் இறங்கும்.

---

செந்தூல்காரி | கோலாலம்பூர்

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

எனக்கு மனச்சிதைவு நோய். இருபதுகளில் வந்தது, இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். யாரும் இல்லாமலே கேட்கும் குரல்கள் முழுதாகப் போய்விடவில்லை. பக்கத்து வீட்டு வானொலியைப் போல ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும், சில நாள் மட்டும் சத்தம் கூடும்.

ஆரம்பத்தில் வீட்டில் இரண்டு கட்சி. அண்ணன் வழக்கறிஞரைப் போல வாதாடுவார்: "யாரும் இல்லை, நீயே பார், கதவைத் திறந்து காட்டுகிறேன்." பாட்டி நேர் எதிர்: "ஆமாம், அந்த மரத்தடியில் அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான்" என்று சொல்லி பொமோ என்கிற மலாய் மந்திரவாதி ஒருவரிடம் அழைத்துப் போனார். ஒருவர் என்னைப் பொய்க்காரி ஆக்கினார், மற்றவர் என் பயத்துக்குச் சாட்சி சொன்னார். சிறியவளாக இருந்த தங்கைதான் சரியாகப் பிடித்தாள். "எனக்குக் கேட்கவில்லை அக்கா. உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேட்டாள். இன்றைக்கும் தொலைபேசியில், "இன்று சத்தம் அதிகமா?" என்பாள். நான் ஆமாம் என்றால், "சரி, சாப்பிட்டாயா?" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான்.

மருத்துவமனையிலிருந்து வந்த வாரம் எல்லாரும் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து, செத்த வீட்டில் பேசுவதைப் போலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எதிர்வீட்டுச் சீன ஆன்டி மட்டும் வழக்கம்போலக் கதவைத் தட்டிக் கறிவேப்பிலை கேட்டார். நான் செடியில் ஒடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு என்னிடம் எதையாவது கேட்ட ஒரே ஆள் அவர். மற்ற எல்லாரும் கொடுக்கத்தான் வந்திருந்தார்கள்.

பிறகு மெந்தாரி என்கிற அரசாங்க மனநல மையத்தின் வழியாக வேலை கிடைத்தது. எழுதுபொருள் கடையில் சரக்குக் கணக்கு. நம்மோடு சேர்ந்து வந்து வேலை பழக்கிக் கொடுக்க அவர்களிடம் ஆள் இருக்கிறார்கள், பலருக்கு இது தெரியாது. ஒருநாள் கணக்கில் பிழை வந்தபோது முதலாளி மற்றவர்களைத் திட்டுவது போலவே என்னையும் திட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம்.

உதவாதவை: "நல்லதையே நினை." "தியானம் செய்." வாட்சப்பில் வரும் சாமியார் காணொளிகள். "பார்த்தால் அப்படித் தெரியவே இல்லையே" என்ற பாராட்டு.

உங்கள் மச்சானுக்கு ஒரு பதில்: "டிக்கெட் எதற்கு மச்சான், அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட்தான். நீங்களும் ஒருமுறை வாருங்கள்."

---

ஆயர் ஈத்தாம் அம்மா | பினாங்கு

எல்லாம் படித்தேன். மனத்தில் பட்டதைச் சொல்லலாமா?

தம்பி, உன் அம்மா மாத்திரை எண்ணுவது உனக்கு அவமானமாக இருக்கிறது. என் மகனுக்கும் உன் நோய்தான். அவன் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துச் சன்னல் வழியாகத் துப்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை, நம்பினேன். ஒருநாள் விடியற்காலையில் போலீஸ்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் பையன் பினாங்குப் பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிற வருகிற வண்டிகளுக்கு உரை நிகழ்த்திக்கொண்டிருக்கிறான் என்றார். நல்ல மனிதர், அடிக்காமல் திட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தத் தொலைபேசி மணி இன்னும் என் காதில் இருக்கிறது.

பிள்ளைகள் எல்லாரும், எங்களை நம்புங்கள், சந்தேகப்படாதீர்கள் என்கிறீர்கள். நோய் ஏறுகிறபோது உங்களுக்கே தெரியாது. அதுதான் அந்த நோயின் தன்மை என்று மருத்துவரே சொல்கிறார். அப்படியானால் யார் பார்ப்பது? உங்கள் சிரிப்பு சாதாரணச் சிரிப்பா இல்லையா என்று நாங்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? எங்களிடம் யாராவது "சாப்பிட்டாயா" என்று கேட்கிறார்களா?

கோபமாக எழுதவில்லை. களைப்பாக எழுதுகிறேன்.

---

பாயான்காரன்

அம்மா, நீங்கள் எழுதியதை நேற்றிரவு படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. எண்ணுவதை நான் குறை சொல்லவில்லை. ஒளிந்து எண்ணுவதைத்தான் சொல்கிறேன். என் முன்னால் எண்ணினால் அது இரண்டு பேரின் வேலை. நான் குளிக்கும்போது எண்ணினால் நான் திருடன்.

---

பழைய தோட்டத்தான் | கெப்போங்

எங்கள் காலத்தில் தோட்டத்தில் இந்த வியாதியெல்லாம் கிடையாது. விடியற்காலை பிரட்டில் பெயர் கொடுத்து, ரப்பர்ப் பால் மரம் சீவி, மத்தியானம் வந்து படுத்தால் மனம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது கைப்பேசி, கடன், வேலையில்லாத மூளை. உழைத்தால் போய்விடும்.

---

கணக்கன் | பிரிக்பீல்ட்ஸ்

ஐயா, எனக்கு மனச்சோர்வு நோய். காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன், இரவு எட்டுக்குத்தான் இறங்குவேன். உழைப்பில் குறையில்லை. போகவில்லை.

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6 விழுக்காடு. இரண்டு மடங்கு. அத்தனை பேரும் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

---

வெள்ளைத்தொப்பி

ஐயா, தோட்டத்தில் இருந்தது. உங்கள் கண்ணுக்கு வேறு பெயரில் தெரிந்தது. கள்ளுக்கடையிலேயே கிடந்தவர், ஒரு நாள் காணாமல் போனவர், சாமியாடி என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் பூட்டி வைத்திருந்த பெண். உங்களுக்கும் ஒருவர் முகமாவது நினைவுக்கு வரும் என்று நினைக்கிறேன். நம் நாட்டில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே தற்கொலை விகிதம் அதிகம் என்பதை ஆய்வுகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. அது கைப்பேசி வந்த பிறகு தொடங்கிய கதை இல்லை.

தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. தோட்டங்களிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் ஆட்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. குணமாகாததால் மட்டும் இல்லை, கூட்டிப்போக யாரும் வராததாலும்தான். மச்சான் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கும்போது அவருக்கு அது தெரிந்திருக்காது. இன்று பெரும்பாலானவர்களுக்கு அந்த மாதிரி நீண்டகாலம் தங்கும் சிகிச்சை தேவையே இல்லை. அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்துப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்குப் போகிறார்கள், மருந்து வாங்குகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள்.

இப்போது ஆயர் ஈத்தாம் தங்கைக்கு. உங்கள் களைப்பு எனக்குத் தெரியும். வார்டு வாசலில் உங்களைப் போன்ற தாய்மாரைத்தான் தினமும் பார்த்தேன். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநோய் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். விடுதியிலோ உடன்பிறந்தவர்களுடனோ தங்கியவர்களைவிட, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள்தான் அதிகமாக மறுபடி நோயில் விழுந்தார்கள். அன்பு அதிகமுள்ள வீட்டில் ஏன் இப்படி என்று தோண்டிக்கொண்டே போனதில் மூன்று விஷயங்கள் கிடைத்தன: ஓயாத குறைகூறல், வெறுப்பு, அப்புறம் அளவு மீறிய அக்கறை. மூன்றாவதைக் கேட்டு வகுப்பில் நாங்களே முகம் சுளித்தோம். அக்கறை எப்படிக் கெடுக்கும்? ஆனால் ஓர் ஆளின் ஒவ்வொரு தும்மலையும் நோயோடு சேர்த்துப் பார்ப்பது, அவனுக்காக எல்லாம் செய்து அவனிடம் ஒன்றும் விடாமல் இருப்பது, அவனுக்காகத் தாயும் சாப்பிடாமல் கிடப்பது எல்லாம் அதில் அடங்கும். 1987-இல் வந்த சண்டிகர் ஆய்வில் இந்தியக் குடும்பங்களில் இவற்றின் மொத்த அளவு லண்டனைவிடக் குறைவாக இருந்தது. சகித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது.

இதைச் சொல்வது தாய்மீது பழிபோட இல்லை. குடும்பத்துக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, குடும்பத்துக்கும் ஓய்வு கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்பதும் அதே ஆய்வுகளின் தொடர்ச்சியில் தெரிந்ததுதான். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: தங்கை, சாப்பிட்டீர்களா? வாரத்தில் ஒரு மாலை மகனைத் தனியே விட்டுவிட்டு எங்காவது போய் வருகிறீர்களா?

---

ஆயர் ஈத்தாம் அம்மா

சாப்பிட்டேன் அக்கா. ஒரு மாலைகூட வெளியே போவதில்லை.

லண்டன்காரர் சொன்னது இருக்கட்டும். எண்ணாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. எண்ணுவதை எப்படி இரண்டு பேரின் வேலையாக்குவது என்று மட்டும் சொல்லுங்கள்.

---

செந்தூல்காரி

எங்கள் வீட்டில் செய்தது: ஏழு நாளுக்கும் ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி, மருந்தகத்தில் விற்கும். ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கையும் உட்கார்ந்து நிரப்புவோம். பெட்டி சாப்பாட்டு மேசையில் உப்பு, ஊறுகாயோடு இருக்கும். அறை காலியா இல்லையா என்று போகிற போக்கில் யாரும் பார்க்கலாம். யாரும் எண்ண வேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் உயரமான இடத்தில் வையுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒரு தாள். நான் நன்றாக இருந்த காலத்தில் நானே எழுதினேன். எனக்கு நோய் ஏறும்போது முதலில் தெரிவது என்னென்ன: சன்னல் திரையைப் பகலில் மூடுவேன், குளிப்பதைத் தள்ளிப்போடுவேன், தங்கையின் அழைப்பை எடுக்க மாட்டேன். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் தங்கை என்னிடம் சொல்லலாம். சொன்னால் நான் வாதாடாமல் மருத்துவரிடம் நாளை முன்னுக்கு மாற்றிக் கேட்க வேண்டும். இந்த இரண்டும் ஒப்பந்தம். தாளில் இல்லாத எதையும் நோய் என்று சொல்லக் கூடாது என்பது மூன்றாவது. நான் கோபப்பட்டால் அது கோபம். அண்ணனோடு சண்டை போட்டால் அது சண்டை, அதில் பெரும்பாலும் அவர் பக்கம்தான் தவறு.

தம்பி, உங்கள் தாளில் "சட்டை வாங்குவது" இருக்குமா, "ஒரே நாளில் சம்பளத்தில் பாதியைச் செலவு செய்வது" இருக்குமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சத்தமான சிரிப்பைச் சேர்க்காதீர்கள். தூக்கத்தைச் சேருங்கள்.

---

கணக்கன்

வேலை இடத்தைப் பற்றி ஒரு வரி. மேலதிகாரியிடம் சொல்வதா வேண்டாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போக வேண்டும், அன்று மதியம்தான் வருவேன், வேலை தேங்காது" என்று மட்டும் சொன்னேன். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புத் தாளில் எந்தப் பிரிவின் முத்திரை இருக்கிறது என்பதைச் சிலர் கூர்ந்து பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்கு உதவியது பக்கத்து மேசை மலாய்த் தோழி. நான் முகம் செத்து உட்கார்ந்திருக்கும் நாளில் ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, "காசு நாளைக்குக் கொடு" என்பாள். மறுநாள் மறக்காமல் காசு கேட்பாள்.

---

ஜெலுத்தோங் நண்பன் | பினாங்கு

இழைக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு நோய் இல்லை, என் நண்பனுக்கு. வேலை போன பிறகு அறையை விட்டு வெளியே வருவதில்லை. "ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடு" என்று பலமுறை சொல்லிவிட்டேன். கூப்பிடுவதில்லை. நேற்று, "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். என்ன பதில் எழுதுவது? அந்த வார்த்தையை எடுத்துப் பேசினால் எண்ணத்தைத் தூண்டிவிட்டது போல் ஆகிவிடுமோ என்று பயம்.

---

நெறியாளர்

ஜெலுத்தோங் நண்பருக்கு முதலில். பதில் எழுத வேண்டாம், இப்போதே நேரில் போங்கள். போக முடியாவிட்டால் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவரை அனுப்புங்கள். கேட்பதால் எண்ணம் தூண்டப்படுவதில்லை. "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்டால் பலருக்குப் பாரம் குறைகிறது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். பேசுவதற்கு சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் இணைப்பு 15555. தன்னார்வலர் அமைப்பான கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929.

போலீஸ் வழக்காகிவிடும் என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு நீக்கப்பட்டது, 2023 செப்டம்பர் 11 முதல் அது நடப்பில் இல்லை. முன்பு ஓராண்டு வரை சிறை என்றிருந்ததால்தான் பல குடும்பங்கள் மூடி மறைத்தன.

மற்றவர்களுக்கு: மாத்திரை அளவுகளை இங்கே ஒப்பிட வேண்டாம்.

---

செந்தூல்காரி

ஜெலுத்தோங் தம்பி, நெறியாளர் சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள். "வேண்டுமென்றால் கூப்பிடு" என்பது நோயாளிக்கே வேலை கொடுப்பது. என்ன வேண்டும் என்று தெரிந்து, கைப்பேசியை எடுத்துக் கேட்கும் தெம்பு இருந்தால் அவர் ஏன் அறையில் கிடக்கிறார்? "வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறேன், கிளினிக்குக்குச் சேர்ந்து போகலாம், எண் எடுத்து நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மருந்தக வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆள் இருப்பது பெரிய விஷயம். அங்கே பாதிப்பேர் எண் வருவதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள்.

---

ஜெலுத்தோங் நண்பன்

போனேன். கேட்டேன். ஆமாம் என்றான். இரவே மருத்துவமனைக்குக் கொண்டு போனோம், அவன் தம்பியும் வந்தான். சேர்த்துக்கொண்டார்கள். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

---

பழைய தோட்டத்தான்

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. மருத்துவமனையில் சாப்பாடு ஏதும் வேண்டுமென்றால் பினாங்கில் என் மகள் இருக்கிறாள், தனிச்செய்தியில் சொல்லுங்கள். "வேண்டுமென்றால்" என்று கேட்கக் கூடாதாம், மேலே படித்தேன். சரி: நாளை மத்தியானம் மூன்று பேருக்குச் சோறு கொண்டு வருவாள். சைவமா அசைவமா என்று மட்டும் சொல்லுங்கள்.

---

பந்தல் தொண்டன் | பினாங்கு

பாயான் தம்பியின் தைப்பூச விவகாரத்துக்குத் திரும்புவோம். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் பல வருடமாக நிற்கிறேன். நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லாரும் பால்குடம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் முழு விரதம் சொல்வதில்லை. குருக்களே, "மருந்தை நிறுத்தாதே, முருகன் கணக்குப் பார்க்க மாட்டான்" என்பார். சர்க்கரை நோயாளிக்கு உள்ள சலுகை மனநோயாளிக்கு மட்டும் ஏன் பக்திக் குறைவாகத் தெரிகிறது என்பதை உங்கள் பெரியம்மாவிடம் கேளுங்கள்.

செய்முறை: வெயில் ஏறும் முன், விடிவதற்குள் மலையேறிவிடுங்கள். முந்தைய இரவு ரதம் பார்க்க விழித்திருக்க வேண்டாம், தூங்குங்கள். பந்தலில் நிறுத்திக் குடித்துக்கொண்டே போங்கள். கூட்டத்தின் உறுமிச் சத்தம் சிலருக்குத் தாங்காது. ஒதுங்கி உட்கார எங்கள் பந்தலுக்குப் பின்னால் நாற்காலி போட்டுத் தருகிறேன்.

---

பாயான்காரன்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவை என்னோடு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அம்மா நேரடியாகவே கேட்டார், விரதம் இருக்கலாமா என்று. மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. ரமலான் மாதத்தில் இதே கேள்வியை வேறு நோயாளிகள் கேட்பதாகச் சொல்லிச் சிரித்தார். மரக்கறி இருக்கலாம், மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், உப்பைக் குறைக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை. மருத்துவர் சொன்னது அம்மாவுக்குக் கட்டளை. பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே எடுத்தால் அது என்ன வேண்டுதல் என்கிறார். அம்மா, "வேண்டிக்கொண்டது நான், உனக்கென்ன?" என்று சொல்லிவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மாத்திரைப் பெட்டி வாங்கியாகிவிட்டது. தாளும் எழுதியாகிவிட்டது. அம்மா தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: நான் வீட்டுக்கு வர நேரமானால் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது நோய்க்காக இல்லை, எந்தப் பிள்ளையும் செய்ய வேண்டியது என்றார். சேர்த்துவிட்டோம். சிரிப்பு தாளில் இல்லை. ஆனால் நேற்று ஒரு நகைச்சுவைக்கு நான் வாய்விட்டுச் சிரித்தபோது அக்கா மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். அம்மா பார்க்கவில்லை.

மச்சானிடம் ஐந்து ரிங்கிட் பதிலைச் சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "வேடிக்கைக்குச் சொன்னேன்" என்றார். வேடிக்கை எனக்கும் பிடிக்கும், இது பிடிக்கவில்லை என்றேன். இரண்டு வாரமாக முறைத்துக்கொண்டிருக்கிறார். பரவாயில்லை.

---

ஆயர் ஈத்தாம் அம்மா

என் மகன் தாளைப் படித்துவிட்டு, எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பெட்டிக்கு மட்டும் சம்மதம். ஆகவே நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், யாரும் கோபிக்க வேண்டாம். ஆனால் போன சனிக்கிழமை என் நாத்தனாரோடு புலாவ் திக்குஸ் சந்தைக்குப் போய் வந்தேன் வெள்ளைத்தொப்பி அக்கா. கைப்பேசியை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

---

வெள்ளைத்தொப்பி

கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போங்கள்.

பாயான் தம்பி, முதல் ரத்தப் பரிசோதனையைத் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். முந்தைய இரவு மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், காலை மாத்திரை இருந்தால் ரத்தம் எடுத்த பிறகுதான் சாப்பிட வேண்டும். கடைசி நேரத்தில் போனால் விடுமுறைக் கூட்டத்தில் முடிவு கைக்கு வராது.

---

செந்தூல்காரி

நானும் தங்கையும் தண்ணீர்மலைக்கு வருகிறோம். பத்துமலைக் கூட்டம் எனக்கு ஆகாது. பந்தல் தொண்டர் அண்ணன் நாற்காலி போடுவதாகச் சொன்னதால் துணிந்துவிட்டேன். பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயிலில் அந்த வாரம் இடம் இருக்குமா, யாருக்காவது தெரியுமா?

---

பந்தல் தொண்டன்

இருக்காது தங்கை. விற்பனை திறந்த அன்றே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பஸ்தான். நாற்காலி இரண்டாகப் போட்டு வைக்கிறேன். வரும்போது பந்தலுக்குக் கொஞ்சம் கறிவேப்பிலை கொண்டு வாருங்கள், நீர்மோருக்கு எப்போதும் பற்றாக்குறை.